கம்ப்யூட்டருக்கும் ஒரு போணி

அக்கா,

நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் இன்று காலை யாரோ கம்ப்யூட்டர் முன்னால் சூடம் ஏற்றினார்கள். அந்த வாசனையில் நல்லூரில் இருந்த உங்கள் கம்பெனிக்கே போய்விட்டேன். பத்துத் தையல் மெஷின், ஒரு கம்ப்யூட்டர். நீங்கள் முதலாளி, நான் ஆர்டர் பார்க்கும் ஆள்.

பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைக் கூலிக்குத் தைத்துத் தைத்து உங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. வெளிநாட்டு வியாபாரி நேராக நம்மிடமே குழந்தை உடுப்பு கேட்டு வரட்டும் என்றுதான் வெப்சைட் போட்டீர்கள்.

தினமும் சூடம் காட்டியதும், "போணியப் போடு கண்ணு" என்பீர்கள். 'குழந்தை உடுப்பு, திருப்பூர்' என்று ஆங்கிலத்தில் அடித்து, நெட் காட்டும் பட்டியலில் நம் பெயரைத் தேடிப்பிடித்து, முதல் கிளிக்கை நான் செய்ய வேண்டும். அடுத்தது நீங்கள். பிறகு கட்டிங் மாஸ்டரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு தட்டுத் தட்டுவார். எட்டாம் பக்கத்தில் கிடந்தோம், மூன்றுக்கு வந்தோம். ஒருநாள் முதல் பக்கத்தில் முதல் ஆளாகவே நின்றோம். அன்று எல்லாருக்கும் மைசூர்பா.

அதே வாரம் பட்டன் வாங்கப் பெருமாநல்லூர் போயிருந்தேன். பஸ் வர நேரமிருந்ததால் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆசையாக அதே சொற்களை அடித்தேன். பதினைந்து பக்கம் தள்ளியும் நாம் இல்லை. கடைக்காரர் விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க கம்ப்யூட்டருல மெயில் தொறந்தே இருக்குமுங்களா? தெனமும் அதையே அமுக்கறீங்க, உங்களுக்குப் புடிச்சதுன்னு உங்களுக்கு மட்டும் மேல காட்டுதுங்க. வெளிநாட்டுக்காரனுக்கு அப்படித் தெரியாதுங்க."

சொல்லிவிடத்தான் ஓடிவந்தேன். நீங்கள் கூலித் துணி அனுப்பும் கம்பெனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "இல்லீங்க, இந்த சீசனுக்கு உங்க துணி வேண்டாமுங்க. மெஷினு பூராவும் எங்க ஆர்டருக்கே வேணுமுங்க." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "மொதப் பக்கத்துல நிக்கறோம், இனி என்னத்துக்குக் கண்ணு கூலித் தையலு?"

உங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பட்டன் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் அந்தக் கம்பெனிக்குத் திரும்பப் போன் போட்டுத் துணியைக் கேட்டிருப்பீர்கள். நான் கோழை, அக்கா. மறுநாள் காலைப் போணியையும் நானேதான் போட்டேன்.

ஒரு மெயிலும் வரவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில், வேண்டாமென்று சொன்ன அதே கம்பெனிக்கே, தைத்த உடுப்பில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனீர்கள். "நம்ம நேரம் கண்ணு" என்பதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. உங்கள் நேரம் ஒன்றுமில்லை, எல்லாம் நான் செய்தது.

உங்களைக் கடைசியாகப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேட்டீர்களே, "இன்னும் மொதப் பக்கத்துலதான் இருக்குதா கண்ணு?" என்று. வெப்சைட்டையே மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. "ஆமாங்கக்கா" என்றேன். "எவனாச்சும் ஒருத்தன் வருவான், பாரு" என்று சிரித்தீர்கள். அதற்கும் தலையாட்டினேன்.

இங்கேயும் வெப்சைட் பார்ப்பது என் வேலைதான். வாரம் தவறாமல் வெளியே போய், முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, முதலாளியிடம் உள்ளதைச் சொல்கிறேன். நாற்பதாவது என்றால் நாற்பதாவது. "இப்படி மூஞ்சிலடிச்சாப்புல சொல்றீங்களே" என்று அவர் சலித்துக்கொள்கிறார்.

அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதெல்லாம் நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது, அக்கா.