இரண்டாவது படம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுத வேண்டும், கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். கடைசி வரை படி, புரியும். நடுவில் போனை மட்டும் எடுத்துவிடாதே.

முதலில் நீ கேட்ட கேமரா விஷயம். பயணத்துக்குப் பெரியதை வாங்கலாமா சின்னதை வாங்கலாமா என்று ஒரே தெருவை இரண்டிலும் எடுத்து அனுப்பி, அம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது, அவங்களையே கேட்டுச் சொல்லுங்க என்று எழுதியிருந்தாய். நானும் சும்மா இருக்கவில்லை. கிடங்கில் வேலை முடிந்து வரும் வழியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கேமராக் கடைக்குப் போய் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். பெரியது நல்ல பொருள்தான், ஆனால் அதைத் தூக்க இன்னொரு கழுத்து வேண்டும். கடைக்காரரே, நடந்து சுத்தறவங்களுக்கு இது சரிப்படாதுங்க, பாதி நாள் பையிலதான் கிடக்கும் என்றார். சின்னது கோட்டுப் பையில் அடங்குகிறது, நடந்துகொண்டே வீடியோ எடுத்தாலும் ஆடவில்லை, திரையைத் திருப்பினால் எடுக்கிறவள் முகமும் தெரிகிறது, பேச்சும் நன்றாகப் பதிகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. எதை வாங்கினாலும் உபரி பேட்டரி ஒன்று வைத்துக்கொள், படங்களை எல்லாம் ஒரே கார்டில் சேர்த்து வைக்காதே. டிக்கெட் இருந்த பையை ஸ்டேஷனில் விட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்த மகராசி நீ, அதனால் சொல்கிறேன்.

ஆனால் உன் அம்மா இரண்டாவது படம்தான் தெளிவு என்று சொல்லிவிட்டாள், அது பெரிய கேமராவில் எடுத்தது, நீயும் அதையே வாங்கத் தயாராகிவிட்டாய். அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இனி எனக்கு இருப்புக் கொள்ளாது. அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். முதல் படத்தைக் காட்டினேன், பிறகு விரலால் தள்ளி, இது ரெண்டாவது என்று நீட்டினேன். பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரலுக்குப் படம் நகரவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவள் போனைக் கிட்டே பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், இதுதாங்க, கலர் எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க, மூலையில இருக்கிற போர்டைக்கூடப் படிக்க முடியுது என்றாள். அப்புறம்தான் நான் திரையைப் பார்த்தேன். முதல் படத்தையே இரண்டு தரம் காட்டியிருக்கிறேன். மூலையில் போர்டும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் சுவர். சரி, அனுப்பிடறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, குட்டி. போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஆல்டரேஷன் கடையில் ஒருவர் பேண்ட்டின் கால் மடிக்கக் கொடுத்தார். நேராக ஓடிய தையல் அவளுக்கு வளைந்து தெரிந்திருக்கிறது. கைதான் தப்புப் பண்ணுகிறது என்று பிரித்துவிட்டு, தன் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி மறுபடி தைத்திருக்கிறாள். அந்த மனிதர் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார், மடிப்பு பாம்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கடைக்கார அம்மாள் நல்லவர், தடவிப் பார்த்துச் செய்கிற பட்டன் வேலையைக் கொடுத்து வைத்திருக்கிறார். டாக்டர் சொன்னது, பார்வையின் நடுவில் கறை விழுந்துவிட்டது, ஓரம் மட்டும் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் அப்படித்தான். ஊசி போடுகிறார்கள், போனது திரும்பாது, இருப்பது எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா, புள்ள ஆசைப்பட்ட இடத்தையெல்லாம் பாத்துட்டு வரட்டும் என்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் இருவரும். நீ அனுப்பும் படத்தை நான் பார்த்து, மஞ்சள் கோட்டு போட்டிருக்கா, பின்னால பாலம் தெரியுது என்று சொல்வேன், அவள் உடனே உனக்குப் போன் போட்டு மஞ்சள் உனக்கு நல்லா இருக்குடி என்பாள். நீ அவள் கண்ணைக் கேட்டதால் கேமராப் படத்தை மட்டும் தானே பார்த்துச் சொல்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒரு நாள் அந்த நாய் யாரோடது என்று கேட்டாளே, அது நாய் இல்லம்மா, என் தோழியோட உரோமப் பை என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அது நான் மூக்குக்கண்ணாடி போடாமல் சொன்ன நாய். நாங்களும் உன்னோடு சிரித்தோம். போனை வைத்த பிறகு நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். வீடியோ வந்தால் மட்டும் அவளே வாங்கிக் காதோரம் வைத்துக்கொள்வாள். இனி வீடியோவுக்கு மேலே பாட்டுப் போட்டு அனுப்பாதே. பாட்டு இல்லாம அவ பேச்சை மட்டும் கேக்க முடியாதா என்று அம்மா என்னைக் கேட்கிறாள்.

இப்போது அவள் போன் வரும் செய்தியையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறது. என் போனில் நான் குசுகுசுவென்று பேசினாலும் அடுத்த அறையிலிருந்து கேட்டுவிடுகிறாள். வெளியே நின்று பேசலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், இவ்வளவையும் போனில் தட்ட இந்த விரலுக்கு வராது. அவளுக்குத் தெரியாமல் உன்னோடு பேச எனக்குக் காகிதம் ஒன்றுதான் மிச்சம். இதை எழுதும்போதுகூட எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதறீங்க என்றாள். குழாயில் தண்ணீர் வராததற்குப் புகார் என்றேன். நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க என்றாள்.

உன் பயணத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. போக முடியாத எங்களுக்குக் காட்டத்தான் நீ கேமராவே வாங்குகிறாய் என்பதும் தெரியும். ஆனால் நீ பார்க்கப் போகிற மலை அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கும். இந்த லீவுக்கு இங்கே வந்துவிடு. சத்தியத்தை மீறினேன் என்று அவள் என்னைத் திட்டுவாள், திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். அவள் இன்னும் கொஞ்சம் பார்ப்பாள். அந்தக் கொஞ்சத்தில் நீ இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. அழுதுகொண்டே சாலையைக் கடக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், அதைத் தவிர வேறு வேண்டுதல் எங்களுக்கு இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்து நின்றதும் அம்மா உன்னை நேராகப் பார்க்கமாட்டாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கோபம் என்று நினைத்துக் கிட்டே ஓடாதே. அப்போதுதான் அவள் உன்னைப் பார்க்கிறாள். பார்த்து முடிக்கிற வரை அசையாமல் நில்.

இப்படிக்கு,
உன் அப்பா