துரைக்குப் பச்சைக்கறி

என் உயிரான குணா அண்ணே,

இன்று காலை துரைக்கு எண்ணூறு கிராம் போட்டேன். கோழிக் கழுத்து, நெஞ்செலும்பு, பன்றி இதயத்தில் ஒரு துண்டு, கட்டைவிரல் அளவு ஈரல், ஒரு முட்டை. ஈரல் கூடினால் வயிறு இளகும் என்று நீ சொன்னபடியே நிறுத்துத்தான் போட்டேன். தட்டை வைத்ததும் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். சாப்பிடச் சொல்லி நான் "மாக்கான்" என்ற பிறகுதான் தலையைக் குனிந்தான்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மற்றதை எல்லாம் அதற்குப் பிறகுதான் என்னால் சொல்ல முடியும்.

நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்ட இந்தத் தோட்டத்தில், ஆள் இருக்கிற வீடு இன்னும் நான்கு. அதில் ஒன்றில் நானும் துரையும். லூமுட்டில் ஒரு சீனரிடம் வாங்கிய டோபர்மேன் குட்டிக்குத் துரை என்று நீ பெயர் வைத்த அன்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நம் அப்பாவை ஒரு துரை பூட்ஸ் காலால் உதைத்த மண் இது, இங்கே நின்று "துரை, டுடோக்" என்று சொல்லி ஒருவனை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றாய்.

நீ விழுந்த இடத்துக்கு நான் வந்தது உனக்குத் தெரியுமா?

ஈப்போ மார்க்கெட்டிலிருந்து பத்துக் கிலோ கோழியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாய். பத்து காஜா ஊருக்குப் போகும் பாதையில் ஒரு மணல் லோரி உன்னை அடித்து இழுத்துக்கொண்டு போனது. நான் வேலை செய்யும் டோபிக் கடையிலிருந்து ஓடி வந்தபோது பை கிழிந்து கோழி சாலை முழுவதும் சிதறிக் கிடந்தது. நீயும் அப்படித்தான் கிடந்தாய். சுத்தம் செய்ய வந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எதை எதில் போடுவது என்று தெரியாமல் போலீஸ்காரரைப் பார்த்தார். நான்தான் குனிந்தேன். இது கோழி. இது கோழி. இது அண்ணன். அப்படிப் பிரித்துத்தான் உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பச்சைக்கறியைத் தொட என்னால் முடியவில்லை. ஐஸ் பெட்டியில் நீ பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்ததை எல்லாம் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். துரைக்குச் சோற்றோடு கோழியை எலும்போடு வேகவைத்துப் போட்டேன். பச்சை எலும்பு நாயின் வாயில் நொறுங்கும், வேகவைத்த எலும்பு ஊசியாக உடையும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! காதில் விழாததுபோல் இருந்தேன். ரத்தம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

மூன்றாவது வாரம் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மூலையில் நின்றான். பின்னால் ரத்தமாகப் போனது. ஈப்போவில் நீ அவனைக் கூட்டிப் போகும் டாக்டரம்மாவிடம் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்காவின் மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வயிற்றைக் கிழித்து, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எலும்புச் சிம்பை எடுத்துத் தட்டில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. வேகவைத்துப் போட விரும்பினால் எலும்பில்லாமல் போடு, பச்சையாகப் போட விரும்பினால் உன் அண்ணன் செய்த மாதிரி எடை போட்டு, உறைய வைத்து, கை கழுவிச் செய், இரண்டும் கெட்டானாக மட்டும் செய்யாதே என்றார்.

நான் பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். தையல் பிரித்ததும் மார்க்கெட்டுக்குப் போய், உன் கறிக்கடைச் சீனரிடமே வாங்கினேன். உன் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தேன். முதல் வெட்டிலேயே ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு வந்து மறுபடி வெட்டினேன். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. அதற்கப்புறம் நடந்தது கொஞ்சம் அசிங்கம், அண்ணே. எனக்குப் பிடித்துப் போய்விட்டது. கோழியின் ஒவ்வொரு நெஞ்சுக்கூட்டையும் பிளக்கும்போது அந்த லோரிக்காரனைப் பிளந்தேன். சேகரையும் பிளந்தேன்.

சேகரை நீ மறந்திருக்க மாட்டாய். என்னைக் கட்டியவன், என் கன்னத்தெலும்பை உடைத்தவன். என்னை நீ இங்கே அழைத்து வந்த நாளில், இனி தோட்டத்து வாசலைத் தாண்டினால் திரும்பிப் போக மாட்டாய் என்று அவனிடம் சொல்லியிருந்தாய். நீ இருக்கும்வரை தாண்டவில்லை. உன் கருமாதிக்கு வந்தான், அழுதான், சாப்பிட்டுவிட்டுப் போனான். பிறகு இரண்டு தடவை வந்து வாசலில் நின்று கெஞ்சினான். நான் கதவைத் திறக்கவில்லை.

மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுப்பகல். நான் பின்கட்டில் கறி வெட்டிக்கொண்டிருந்தேன். துரை கூண்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூண்டுக் கொக்கியை நான் மாட்டவில்லை. மறதியா, வேண்டுமென்றேயா என்று பிறகு போலீஸ் கேட்டது. மறதிதான்.

செம்பனைப் பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் என் முடியைப் பிடித்துவிட்டான். முகத்தைக் கறித் தொட்டிக்குள் அமுக்கினான். மூக்கு, வாய் எல்லாம் கோழி ரத்தம். மூச்சுத் திணறி எழுந்தபோது பாராங் அவன் கையில் இருந்தது.

"அண்ணன் இருக்கான்னு ஆடுன இல்ல? இப்ப யாரு வாரான்னு பாப்போம்" என்றான்.

துரை குரைக்கவில்லை. பாதித் தட்டை விட்டுவிட்டு வந்தான். அவ்வளவு பெரிய உடம்பு தரையில் படாமல் வந்ததுபோல் இருந்தது. பாராங் பிடித்த கையை, முழங்கைக்குக் கீழே கவ்வினான். பாராங் விழுந்தது. சேகரும் விழுந்தான். பாராங்கை நான் காலால் சாக்கடைக்குள் தள்ளிவிட்டேன்.

அப்போதே முடிந்துவிட்டது, அண்ணே. என் உயிருக்கு இனி ஆபத்து இல்லை. "லெப்பாஸ்" என்று ஒரு சொல் சொன்னால் துரை விட்டுவிடுவான். பந்தைக் கவ்வியிருந்தாலும், எலும்பைக் கவ்வியிருந்தாலும் விடுவான். எனக்கு அது தெரியும். சேகருக்கும் தெரியும், வாசலுக்கு வெளியே நின்ற அவனுக்குப் பயம் காட்ட நீ ஒருநாள் செய்து காண்பித்திருக்கிறாய்.

"கலா, சொல்லு லா. சொல்லிரு."

நான் சொல்லவில்லை. சிமெண்ட் படியில் உட்கார்ந்தேன். முகத்து ரத்தத்தைச் சட்டையால் துடைத்தேன். துரை தலையை உதறினான். ஒரு சத்தம் கேட்டது. தினமும் நான் வெட்டும்போது கேட்கிற அதே சத்தம். சேகர் கத்துவதை நிறுத்திவிட்டு, சின்னப் பிள்ளைபோல் முனகத் தொடங்கினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சதை பிரிந்து வந்தது.

பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா வேலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "அடியே, நாய விடச் சொல்லுடி. செத்துருவான்டி."

"லெப்பாஸ்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அந்தக் கணமே வாயைத் திறந்துவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தான்.

சேகர் பிழைத்துக்கொண்டான். மூன்று விரல்கள் மடங்காது. துரையை நகராண்மைக் கழக ஆட்கள் கம்பியில் சுருக்குப் போட்டுக் கொண்டு போனார்கள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியில் ஏறினான். ஊருக்கெல்லாம் ஒரே பேச்சு: பச்சை ரத்தம் குடித்த நாய், ருசி கண்டுவிட்டது, மனிதக் கறி கேட்கிறது. லெச்சுமி அக்காவே கோயிலில் அப்படிச் சொன்னார். சேகர் ஆட்கள் போலீஸிலும் அதையே எழுதிக் கொடுத்தார்கள், நாயைக் கொல்ல வேண்டும் என்று.

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? கறியின் மேல் பழி, நாயின் மேல் பழி. ஒரு ஊசி போட்டால் எல்லாம் முடிந்துவிடும். என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான்கு நாள் வாயை மூடிக்கொண்டு துணி துவைத்தேன்.

ஐந்தாம் நாள் ஒரு கோழித் தொடையைப் பையில் போட்டுக்கொண்டு துரையை அடைத்திருந்த நாய்க்கூடத்துக்குப் போனேன். கால்நடை இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா, அதிகாரி, துரையைப் பார்க்க வந்திருந்தார். நம் டாக்டரம்மாவும் நான் கேட்டுக்கொண்டதற்காக வந்தார். நாய் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விலா எலும்பு தெரிந்தது. பச்சைக்கறி அவனை வெறிநாய் ஆக்கவில்லை என்று காட்ட என்னை அனுமதியுங்கள் என்றேன். தொடையைக் கொடுத்தேன். கவ்வினான், ரத்தம் வழிந்தது. பசியில் அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. "லெப்பாஸ்." என் உள்ளங்கையில் வைத்துவிட்டான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பல் என் தோலில் படவே இல்லை.

அந்த அதிகாரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: ஒரே சொல்லுக்கு வாயைத் திறக்கிற நாய் என்றால், அந்த ஆள் கை ஏன் அப்படி ஆயிற்று?

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "நாந்தான் லேட்டா சொன்னேன்" என்றேன்.

துரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே போனால் வாய்க்கூடு போட வேண்டும், வேலியை ஏழடிக்கு உயர்த்த வேண்டும். லைசென்ஸை நீ ஒழுங்காக வைத்திருந்தது பெரிய உதவி. அத்துமீறி வந்து அடித்ததற்குச் சேகர் மேல் வழக்கு. என் மேலும் ஒரு வழக்கு. அடுத்த மாதம் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

சட்ட உதவியில் ஒரு தமிழ்ப்பிள்ளை வக்கீலாகக் கிடைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை. "அக்கா, பயத்துல வாய் வரலன்னு சொல்லுங்க. எல்லாரும் நம்புவாங்க, பாதி உண்மையும் அதுதானே லா" என்கிறாள்.

பாதி உண்மைகூட இல்லை, அண்ணே. எனக்கு வாய் வந்தது. அவனைத் தவிர யாருக்கும் இன்னும் தெரியாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். படியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பேசினேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். அவன் ஆமாம் என்றான். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

நீயாக இருந்தால் எப்போது சொல்லியிருப்பாய்? உடனேயா? இல்லை, நீயும் கொஞ்சம் பார்த்திருப்பாயா? எனக்கு அவன் மேல் இரக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தவளோடுதான் நான் தினமும் தூங்கி எழுகிறேன்.

நான் உள்ளே போக நேர்ந்தால் துரையை லெச்சுமி அக்கா பார்த்துக்கொள்வார். ஆமாம், அதே அக்காதான். பிளாஸ்டிக் உறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுத்தெலும்பை நிறுக்கப் பழகுகிறார். சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் ஓட விடக்கூடாது, வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கோர்ட்டில் கேட்டால், படியில் உட்கார்ந்ததைச் சொல்வேன். அவனிடம் நான் கேட்டதையும், அவன் சொன்ன பதிலையும் சேர்த்தே சொல்வேன். பயம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது.

சாலையிலிருந்து உன்னைப் பொறுக்கி எடுத்து வந்த தங்கச்சி,
கலா