ரெண்டுக்கு மேல் ஒன்று

இன்று காலை ஸ்ரீ சிட்டி ஆபீசில் பழைய சர்வரைக் காலி செய்துகொண்டிருந்தேன். வேலையை விட்டவர்கள், இறந்தவர்கள் எல்லாரும் பைல் வைத்திருந்த டைரக்டரிகளையும் அழிக்க வேண்டும். செய்யச் செய்ய அலுப்புதான் மிச்சம். நடுவில் உன் பெயர் வந்தது. நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் லிங்க் எண்ணிக்கை மூன்று என்றிருந்தது. காலி டைரக்டரிக்கு ரெண்டுதான் இருக்கவேண்டும்.

ஊரே பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாட்களில், திருப்பதி கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் ஒரே மெஷினில் படித்தோம். புது டைரக்டரிக்குள் மூன்று பைல் வைத்தும் எண்ணிக்கை ஏன் ரெண்டிலேயே நிற்கிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். நீ சிரித்தாய்.

"பைலுக்கு வாய் கீதா? வெளிய இருக்கிற பேரு ஒண்ணு. உள்ள ஒத்தப் புள்ளி, நான்தான்னு தன்னையே சொல்லிக்கினு கீது, அது ஒண்ணு. உள்ள இன்னொரு டைரக்டரி பொறந்தா, ரெட்டப் புள்ளி வெச்சிக்கினு மேல பாத்து அப்பன நைனான்னு கூப்புடும். அப்பத்தான் ஒண்ணு கூடும்."

அந்தக் கணக்கை நான் மறந்து தொலைத்திருக்கலாம். பெங்களூரில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு நீ மனைவியோடு திரும்பி வந்து இதே ஆபீசில் சேர்ந்தாய், குழந்தை இல்லை. ஒருநாள் கேன்டீனில் எல்லார் எதிரிலும் கேட்டேன்: "இன்னாடா, இன்னும் ரெண்டுலயே நின்னுக்கினு கீற?"

நீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "எல்லாமே வெளிய தெரியுமாடா?" என்றாய். அதையும் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

இன்று அந்த மூன்றைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சாதாரணமாகக் கண்ணில் படாது. அவற்றையும் காட்டச் சொன்னேன். ஒரு பெண் குழந்தையின் பெயரில் ஒரு டைரக்டரி வந்தது. உள்ளே ஒரு படம்: திருமலை அடிவாரத்து அலிபிரியில் உன் தோள்மேல், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. அதோடு பெங்களூரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ். பத்தே மாதம் கழித்து வாங்கிய இறப்புச் சான்றிதழ்.

வெட்கமாக இருக்கிறதடா. நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் சர்வரை எடுத்துப் போய்விடுவார்கள், உன் டைரக்டரியை அழித்துத்தான் ஆகவேண்டும். அவளை மட்டும் புது சர்வரில் இருக்கும் என் டைரக்டரிக்குள் நகர்த்திக்கொண்டேன். பெயரின் முன்னாலிருந்த புள்ளியை எடுக்கவில்லை. உன்னுடையது ரெண்டாயிற்று, என்னுடையது ஐந்திலிருந்து ஆறாயிற்று. இனி அவள் மேலே பார்த்துக் கூப்பிட்டால் எனக்குத்தான் கேட்கும்.