தப்புத் தாளில் உன் பெயர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, வாயைத் திறக்காமலே வீட்டை அதிகாரம் செய்கிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். திங்கட்கிழமையிலிருந்து போன் அடித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். உன்னிடம் நேரே சொல்லிவிடலாம் என்று நேற்று கூப்பிட்டேன், நீ எடுத்ததும் "சாப்டியாம்மா" என்றாய், சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

குழந்தைகள் மருத்துவமனைக்கு நம் கம்பெனி செய்து கொடுத்த மருந்தளவு மென்பொருள் நினைவிருக்கும், வெளிநாடு போவதற்கு முன் நம் ஆபீசில் இருந்த ஆறு மாதத்தில் நீதான் அதைச் சோதித்தாய். நீ பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தாயே, அவள்தான் இப்போது சோதனைப் பிரிவுக்கே தலைவி, அவள் கண்ணில் ஒரு தப்பு பட்டது. கைக்குழந்தையின் எடை நாலே கால் கிலோ, அதாவது 4.25, என்று போட்டால் அது ஐந்து என்று எடுத்துக்கொண்டு மருந்தைச் சொல்கிறது. அந்த நிமிஷமே மருத்துவமனைக்குச் சொல்லி நிறுத்திவிட்டோம். ஆனால் மூன்று வருஷம் ஓடியிருக்கிறது, எத்தனை குழந்தைகள், யாருக்கு என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பாதி நேரம் நர்சுகள் கையாலும் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பார்கள் என்றார் அங்குள்ள டாக்டர், அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறேன்.

டயர் கடை மாடியில் நாலு நாற்காலியோடு ஆரம்பித்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷமாக நம் வழக்கம் உனக்குத் தெரியும். தப்பு நம்முடையது என்றால் அன்றைக்கே வாடிக்கையாளருக்குத் தப்புத் தாள் போகும், என்ன தப்பு, எப்போதிலிருந்து, யார் செய்தது, யார் பார்த்துக் கையெழுத்திட்டது, எல்லாம் பெயரோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூதக்கண்ணாடியின் பெயரே ஒருமுறை அந்தத் தாளில் போயிற்று, அழுதவளிடம், உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நாம் எதையும் மறைப்பதில்லை என்று காட்டுகிறோம் என்று பெரிய மனுஷி மாதிரிப் பேசினேன். அவளே இந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு, "மேடம், சின்னவர் பேரு வருது, சோதனைப் பிரிவுன்னு மட்டும் போட்டுடலாமா" என்று மெதுவாகக் கேட்டாள். கம்பெனி வக்கீலும் அதையே சொன்னார். நான் தாளை இரண்டு நாள் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறவள் நான். ஊரார் பிள்ளைகளின் பெயரை அன்றைக்கே அனுப்பியவள், என் பிள்ளையின் பெயரைப் பூட்டி வைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

நீ சோதனையை முடித்துக் கையெழுத்திட்ட அன்றைக்கு நடந்தது எனக்கு மறக்கவில்லை. "புள்ளி வச்ச எடையெல்லாம் இன்னும் பாக்கலம்மா, ஒரு நாள் வேணும்" என்றாய். மறுநாள் உனக்கு விமானம். நான்தான், "முழு எடையில சரியா வருதில்ல, கையெழுத்த போட்டுட்டு வா, பெட்டி அடுக்கணும்" என்றேன். வேறு யாராவது அப்படிக் கையெழுத்திட்டிருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பேன். அன்று முதலாளி நாற்காலியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

இன்று காலை தாளை நானே மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே என் பெயரையும், நான் அவசரப்படுத்தியதையும், இரண்டு நாள் பூட்டி வைத்ததையும் எழுதினேன். கம்பெனி நிற்குமா தெரியாது, நம்மிடம் வேலை செய்யும் முந்நூறு பேர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஆபீசுக்குப் பின்வாசல் வழியாக ஏறினேன். இந்த விஷயம் உன் ஆபீசுக்கும் எட்டலாம், அதை நினைத்தால் இன்னும் பயம்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, மருத்துவமனையிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள், நடந்ததை நடந்தபடி சொல். உன்னை எனக்குத் தெரியும், "அம்மா ஒண்ணும் சொல்லல, நானாதான் போட்டேன்" என்று சொல்லப் பார்ப்பாய். அப்படி மட்டும் சொல்லிவிடாதே ராஜா.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா