பிணங்கிய வீட்டில் வைத்த வித்து

மைனிக்கு, பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்று காலை நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் பஸ் ஒரு ரைஸ் மில் பக்கம் நின்றுவிட்டது. நெல் அவிக்கிற வாசம் ஜன்னல் வழியாக ஏறி வந்தது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது இரண்டும் சுட்டன. இருபத்திரண்டு வருடம் கழித்தும் அந்த வாசம் எனக்கு வெட்கத்தைத்தான் கொண்டுவருகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் நீங்கள் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்.

நான் டவுனில் வளர்ந்தவள். அரிசி கடையில் விளைகிறது என்று நினைத்திருந்த ஆள் என்று என்னைக் கேலி செய்வீர்கள். அதில் பாதி உண்மை. கல்யாணமான நாலாம் மாதம் உங்கள் தம்பி மஸ்கட்டுக்குப் போய்விட்டார். பறக்கை ஊருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் நீங்களும் நானும் மட்டும். நீங்கள் அவருக்கு மூத்த அக்கா. கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பிவந்து வயலையும் வீட்டையும் தூக்கி நிறுத்தியவர். எனக்கு உங்களிடம் பயமும் இருந்தது, கொஞ்சம் போட்டியும் இருந்தது. நான் செய்கிற எதையும் நீங்கள் இன்னொரு தடவை செய்வீர்கள். பெருக்கின இடத்தைப் பெருக்குவீர்கள், கழுவின பாத்திரத்தைக் கழுவுவீர்கள்.

அந்த ஆவணியில் நீங்கள் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போனீர்கள். வர இரண்டு நாளாகும் என்றீர்கள். வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. நீங்கள் வருவதற்குள் நெல்லை அவித்து, காயப்போட்டு, உங்கள் வாயை அடைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அறைக்குள் சாக்குகள் இருந்தன. ஓரத்தில் கைக்கு எட்டின பிளாஸ்டிக் சாக்கை இழுத்தேன். திறந்தால் நெல்லுக்குள் காய்ந்த நொச்சி இலைகள். இத்தனை சுத்தம் பேசுகிறவர் நெல்லைக் குப்பையோடு கட்டி வைத்திருக்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி எடுத்தேன். ராத்திரி ஊறப்போட்டு, விடிந்ததும் அண்டாவில் ஏற்றி, உமி வெடிக்கிற பதம் வரை அவித்தேன். பக்குவம் நன்றாகத்தான் வந்தது.

நீங்கள் மத்தியானம் வந்தீர்கள். முற்றத்துப் பாயில் நெல் பரந்து கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தீர்கள். பிறகு மூலையில் நான் கூட்டிவைத்திருந்த இலைக் குவியலைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இந்த எலைய எல்லாம் நீயா பெறக்கி எடுத்த?"

"ஆமா மைனி. ஒரே குப்பையா கெடந்துது."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நொச்சி இலை கிடந்தால் அது வித்து. பூச்சி அண்டாமல் இருக்கப் போடுவது. இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். வழக்கமாக நீங்கள் விதைநெல்லை வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டித்தான் வைப்பீர்கள். அந்த வருடம் எலி கடித்துவிட்டதால் சாக்குக்கு மாற்றியிருந்தீர்கள். அவித்த நெல் முளைக்காது. அதுவும் அது கட்டிச்சம்பா. உங்கள் அம்மாவும் அவருடைய அம்மாவும் வருடம் தவறாமல் எடுத்துவைத்து வந்தது. தண்ணீர் கட்டினாலும் லேசில் அழுகாத நெல். கடையில் கேட்டால் கிடைக்காது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் புது ரகத்துக்கு மாறி எத்தனையோ காலமாகியிருந்தது. பத்து நாளில் நாற்றங்காலில் விதைக்க வேண்டும், வீட்டில் வித்து இல்லை.

நீங்கள் அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனீர்கள். அறுப்பு முடிந்ததும் வித்தில் ஒரு பங்கை இரண்டு வீடுகளில் கொடுத்துவைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒன்று பக்கத்து வீடு. இன்னொன்று வேறு குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊரில் இருக்க வேண்டும். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே தப்பும். பக்கத்து வீட்டு அக்கா உங்கள் உயிர்ச் சிநேகிதி. அவள் கையைப் பிசைந்தாள். ஆடியில் கொஞ்சம் முடையாகிவிட்டதாம், குத்திச் சோறாக்கிவிட்டார்களாம், சொல்லவேண்டும் என்றுதான் இருந்தார்களாம். நீங்கள் சரி என்று திரும்பி வந்து, என்னைப் புறப்படச் சொன்னீர்கள்.

வடசேரியில் பஸ் மாறி, தோவாளைப் பக்கம் ஒரு வீட்டின் முன்னால் போய் நின்றோம். அது உங்கள் புகுந்த வீடு. உங்கள் கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கொழுந்தன் உங்கள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்த வீடு. இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து பன்னிரண்டு வருடம். அந்த வீட்டுக்கா நீங்கள் மாசி தோறும், தோவாளைச் சந்தைக்குப் பூ எடுக்கப் போகிறவர் கையில் வித்துக்கோட்டை அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்?

கொழுந்தன் எருமைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நீங்கள் முற்றத்தில் நின்றபடியே, வித்துக்கு வந்திருப்பதாகவும் வீட்டில் இருந்தது அவிந்துபோய்விட்டது என்றும் சொன்னீர்கள். யார் அவித்தது என்று நீங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கோட்டையை எடுத்துவந்து உங்கள் காலடியில் வைத்தார்.

"நீங்க கெட்டுன கெட்டு அப்பிடியே இருக்கு மைனி."

நான் உங்களைக் கூப்பிடும் அதே வார்த்தை. உங்கள் தாடை இறுகியதைப் பார்த்தேன். பிறகு அவர் மனைவியிடம் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டீர்கள். அவள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். படியில் உட்கார்ந்து குடித்தீர்கள். அவர் மறுபடி வைக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

திரும்பும்போது கோட்டை உங்கள் மடியில் இருந்தது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். நீங்கள் பார்த்த பார்வையில் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நான் அழுதுகொண்டே வந்தேன். வெள்ளமடம் தாண்டினதும் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், போயும் போயும் இவர்களிடமா வித்தைக் கொடுத்துவைப்பது என்று.

"வேண்டியவன் அவசரத்துக்குத் தின்னுருவான். பொறவு சொல்லிக்கிடலாம்ணு நெனப்பான். பிணங்குனவன் தொடமாட்டான், தின்னுட்டாண்ணு ஒரு சொல் வந்துரும்லா. எங்கம்மை சொன்னது."

சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு உங்கள் மேல் பிரியம் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது மரியாதை மட்டும்தான், இப்போது சொல்வதில் என்ன.

அந்த வித்து வயலில் கால்வாசிக்குத்தான் கண்டது. மீதிக்குக் கடை வித்து போட்டோம். மாசியில் கட்டிச்சம்பாவைத் தனியாக அறுத்து, ஒரு மணி தின்னாமல் எடுத்துவைத்தீர்கள். மறு வருடம் முழு வயலுக்கும் தேறிவிட்டது. நான் அவித்ததையும் நீங்கள் வீணாக விடவில்லை. குத்தி, குருணையைக் கஞ்சிக்கும் தவிட்டை மாட்டுக்கும் ஒதுக்கி, அரிசியை நாலு மாதம் பொங்கினோம். யார் சாப்பிட வந்தாலும், "நல்லா தின்னுங்கோ, இது எங்க வீட்டு வித்துச்சோறு" என்பீர்கள். நான் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வேன்.

நீங்கள் போய் இரண்டு ஆனி கழிந்துவிட்டது. கடைசி வரை தோவாளைக்கு நீங்களேதான் வித்தைக் கொண்டுபோனீர்கள். உங்கள் கொழுந்தன் உங்கள் காரியத்துக்கு வந்து, முதல் ஆளாக நின்று, பந்தி முடிந்த பிறகுதான் சாப்பிட்டார். இப்போது அவர் மகனிடம் நான் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் அவன் என்னை அத்தை அத்தை என்று உருகுகிறான். உங்கள் கணக்குப்படி பார்த்தால் அது ஆபத்து.

உங்களைப் போல எனக்கு ஒரு நல்ல பகையாளி வாய்க்கவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழத்தெருக்காரி நினைவுக்கு வந்தாள். வரப்பை வெட்டி எங்கள் பக்கம் தள்ளினாள் என்று வாய்ச்சண்டை போட்டு மூன்று வருடமாக நாங்கள் முகத்தோடு முகம் பார்ப்பதில்லை. சென்ற மாசியில் ஒரு கோட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். பன்னிரண்டு வருடம் கழித்து அந்த முற்றத்தில் நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் வித்து இங்கே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னையும் கோட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தன் வீட்டு வித்தில் இரண்டு மரக்கால் சாக்கில் கட்டி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது ஒங்க வீட்டுல கெடக்கட்டும்."

இன்னும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வரப்பு வழக்கும் தீரவில்லை. ஆனால் மைனி, மழை வலுக்கிற நாட்களில் என் வித்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய சாக்கு நனைந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.