தண்ணீர்விட்டான் கொடியில் இலை எது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

எனக்கு மெமோ வந்ததற்குக் காரணம் நீதான். மற்றபடி நானும் அப்பாவும் சுகம், உன் இருமல் நின்றதா என்று எழுது. எங்கள் அலுவலக வாசல் கம்பியில் தண்ணீர்விட்டான் கொடி தானாக முளைத்து மாடிவரை ஏறியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதில் பாதி பழுத்து, நான் பெருக்கப் பெருக்க ஊசி ஊசியாகக் கொட்டியது. பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் மேலாளருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இலையை எல்லாம் எடுத்துடு, தண்டுல கை வைக்காதே, அது வாசலுக்கு அழகு என்றார். முள் கிழிக்கிறது, கையுறை கொடுங்கள் என்றேன், இந்த வருஷத்தில் நான்காவது முறை. இலை கிள்ள எதுக்கும்மா கையுறை, ஆபரேஷனா பண்ணப்போறே என்றார், பக்கத்தில் நின்ற கணக்கரும் சிரித்தார். இரண்டு பேரும் அந்தக் கொடியை ஒரு நாளும் தொட்டதில்லை.

எனக்குச் சுருக்கென்றது. தாவரவியல் படிக்கிற நீ லீவில் வந்தபோது சொன்னாயே, பச்சையாகக் கொத்துக் கொத்தாக இருப்பது இலையே இல்லை, இலையின் வேலையைப் பார்க்கும் கிளை, நிஜ இலை சுருங்கித் தண்டில் முள்ளாகிவிட்டது என்று. சரி, ஐயா சொன்னபடியே செய்வோம் என்று நகவெட்டியோடு உட்கார்ந்து சாயங்காலம் வரை முள்ளை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கினேன். ஒரு டப்பா நிறைந்தது. பச்சையில் ஓர் ஊசியைக்கூடத் தொடவில்லை. மறுநாள் பெரிய அதிகாரி படியேறும்போது காற்றடித்தது, அவர் தலை, தோள், கையிலிருந்த காப்பி எல்லாம் ஊசி. என்ன கிழிச்சே நேத்து முழுக்க என்று மேலாளர் பாய்ந்தார். இலை இதோ இருக்குங்கய்யா என்று டப்பாவை நீட்டினேன்.

உத்தரவை மீறி, அதிகாரி முன்னால் கேலியும் செய்தேனாம். இருபதாம் தேதி விசாரணை. கொடியையும் அடியோடு வெட்டச் சொன்னார் மேலாளர், வெட்டினேன். மண்ணுக்குள் விரல் விரலாகக் கிழங்கு இருக்கிறது, நேற்றே சுண்டுவிரல் நீளத்துக்கு முளை விட்டுவிட்டது. எனக்குத்தான் கிழங்கு கிடையாது. இடுப்பு வலியோடு படுத்திருக்கும் அப்பா, மன்னிப்புக் கேட்டுத் தொலை என்கிறார். உனக்குப் போன் போட்டு, முள்தானே இலை என்று கேட்டால், அதை அப்படி ஒரே வரியில சொல்லிட முடியாதும்மா என்று இழுக்கிறாய். லீவில் சொன்னபோது இழுக்கவில்லையே.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எதிலும் குறை வராது உனக்கு.

ஆசியுடன்,
அம்மா

பி.கு. பத்து முள் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கை பத்திரம். விசாரணையில் காட்ட வேண்டும், உன் படிப்பைப் போட்டு, கையெழுத்தும் போட்டு எழுதி அனுப்பு: இது இலையா, இல்லையா?