சுண்டெலி என்ற விடை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாமல் படி. எங்கள் மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, கம்பெனியே ஒருவரை அமர்த்தி உள்ளே நுழையச் சொன்னது. எல்லார் முன்னாலும் அவர் என் கணக்கில், ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினார்.

‘வீட்டில் உங்கள் செல்லப்பெயர் என்ன?’ என்று திரை கேட்டது.

“சுண்டெலி” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தார். வாடிக்கையாளர்களின் விவரமெல்லாம் திரையில் வந்துவிட்டது! நான் எழுந்து அவரிடம் கேட்டேன்:

“யாருங்க சொன்னாங்க?”

“உங்க அம்மாதான்.”

இணையத்தில் ஊரே பார்க்க நான் போட்ட என் படத்துக்குக் கீழே நீ எழுதியதைக் காட்டினார்: “சுண்டெலி, இளைச்சுப் போயிட்டியே!”

நல்லவேளை, என் வேலை தப்பியது. இனி அங்கே அப்படி எழுதாதே. போனில் கூப்பிடு, தினமும். இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மீட்டிங்குக்கு அழைக்கிறார்கள்.

உன் மகள்